தரையில் விடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் இதைத்தான் கேட்பார்கள்: குப்புற விழுந்தாச்சா, தவழ்றானா, பல் முளைச்சாச்சா? கூடவே "எங்க பேரன் பத்தாம் மாசமே நடந்துட்டான்" என்று ஒரு குரல் வரும். அன்று ராத்திரி அந்த அம்மாவுக்குத் தூக்கம் போச்சு.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், அதில் நம் டெல்லியும் உண்டு, ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிக்காமல் தானாக நடப்பது சில பிள்ளைகளுக்கு 8 மாதத்திலேயே வந்துவிடுகிறது, சிலருக்கு 17 மாதம் தாண்டுகிறது. இரண்டும் சரிதான். நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை.

சரி, நாம் என்ன செய்வது? தரையில் விடுங்கள், அவ்வளவுதான். பாயை விரித்து, விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்கத்தான். பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் எண்ணெய் தேய்க்கும்போது அது தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்குமே, கழுத்துக்கு அதுவே பயிற்சி. (மூக்கில் எண்ணெய் விடுவதை மட்டும் விட்டுவிடுங்கள், அது தனிக் கதை.)

இப்போது வாக்கர். இதைப் பேசாமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது. ஒன்பது மாதப் பையனைத் தூக்கிவந்த ஒரு அப்பா, "வாக்கர்ல வீடு பூரா ஓடுறான் டாக்டர், இறக்கிவிட்டா அழறான்" என்றார், பெருமையாக. நிறுத்திப் பார்த்தேன், நுனிவிரலில் நின்றான். பின்னே? துணி இருக்கை பாரத்தைத் தாங்குகிறது, கட்டைவிரலால் தள்ளினால் வண்டி நகர்கிறது, தன் பாதமே அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதில் நடை எங்கே வரும்? அதோடு ஒரு விநாடியில் 3 அடிக்கு மேல் பாயும், அடுப்பங்கரைக்கும் மாடிப்படிக்கும் எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். கனடாவில் 2004இலேயே இதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். நம் மர நடைவண்டி வேறு விஷயம், அதில் பிள்ளை தானே பிடித்து எழுந்து, தன் பாரத்தைத் தானே சுமந்து தள்ள வேண்டும். அதுவும் நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான். பணம் இருக்கிறது, வாங்கியே தீர வேண்டும் என்றால் அதை வாங்குங்கள். வாக்கர் வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

பேச்சைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமாச்சு என்று கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது பேசிக்கொண்டே இருங்கள், அது "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று பதில் சொல்லுங்கள். குறைமாதப் பிள்ளை என்றால் எத்தனை மாதம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டு வயதைக் கணக்கிடுங்கள். ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் தானாக உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை, அல்லது வந்த பழக்கம் மறந்துபோகிறது என்றால் அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வணக்கம்.