வீட்டு வாசலில் நிற்கும் ஆர்.வி.க்கு மின்சாரம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்தோ சொந்தமாக வாங்கியோ அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவரும் நம் குடும்பங்களை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். புறப்படுவதற்கு முதல் நாள் குளிர்பெட்டியைக் குளிர வைக்கவும், திரும்பி வந்தபின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவும், சில வேளை ஊரிலிருந்து வந்த உறவினர் இரவில் படுத்துறங்கவும், வாசலில் நிற்கும் அந்த வண்டிக்கு மின்சாரம் தேவைப்படுகிறது. கராஜில் உள்ள சாதாரணப் பிளக் பாயிண்டிலிருந்து அதை எப்படிக் கொடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

முகாம் திடலில் வண்டிக்குக் கிடைக்கும் மின்சாரத்தையும் வீட்டில் கிடைப்பதையும் முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 30 ஆம்பியர் வண்டிக்கு அங்கே 120 வோல்ட்டில் 3,600 வாட் கிடைக்கிறது. 50 ஆம்பியர் வண்டிக்கு இரண்டு லைன் கம்பிகள் வழியாக 12,000 வாட் வரை கிடைக்கிறது. வீட்டுப் பிளக் பாயிண்ட்டோ பெரும்பாலும் 15 ஆம்பியர் சுற்றில் இருக்கும். மணிக்கணக்காகத் தொடர்ந்து ஓடும் கருவிகளுக்கு அதில் 80 விழுக்காட்டைத்தான், அதாவது 12 ஆம்பியரைத்தான் எடுக்கலாம். வாட் கணக்கில் அது 1,440. வண்டியின் பெரிய பிளக்கை வீட்டின் சிறிய துளைகளில் பொருத்துவதற்கு 'டாக்போன்' என்றொரு அடாப்டர் கடையில் கிடைக்கிறது. அது வடிவத்தை மட்டுமே மாற்றும். ஓர் ஆம்பியரைக்கூடக் கூட்டித் தராது.

இந்த 12 ஆம்பியர் எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகிறது என்று பாருங்கள். ஆயிரம் வாட் என்று எழுதியிருக்கும் மைக்ரோவேவ் சுவரிலிருந்து ஏறத்தாழ 1,500 வாட் இழுக்கிறது. வெந்நீர்க் கலத்தின் மின் சுருள் பல வண்டிகளில் 1,440 வாட். அதை ஒன்றை மட்டும் போட்டாலே நம் கணக்கு முடிந்துவிடும். பேட்டரிப் பக்கம் 12 வோல்ட்டில் 55 ஆம்பியர் தரும் சார்ஜர், பேட்டரி நன்றாகக் காலியாகியிருந்தால், முதல் சில மணி நேரத்தில் சுவரிலிருந்து ஏழெட்டு ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். ஆகவே குளிர்பெட்டியும் வெந்நீர்க் கலமும் கேஸிலும் ஓடக்கூடியவையாக இருந்தால் அவற்றைக் கேஸுக்கு மாற்றிவிட்டு, விளக்குக்கும் பேட்டரிக்கும் மட்டும் வீட்டு மின்சாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் இருக்கும் ஏசியை 15 ஆம்பியர் பிளக்கில் ஓட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது ஓடும்போதே பன்னிரண்டு, பதின்மூன்று ஆம்பியர் எடுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும்.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் 230 வோல்ட்டில் வளர்ந்தவர்கள். ஊரில் 1,440 வாட் இழுக்கும் ஹீட்டருக்கு ஆறேகால் ஆம்பியர் போதும்; இங்கே 120 வோல்ட்டில் அதே வேலைக்கு 12 ஆம்பியர் ஓட வேண்டும். கம்பியில் பிறக்கும் சூடு ஆம்பியரின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே தடிமன் உள்ள வயர் இங்கே மூன்றரை மடங்குக்கு மேல் சூடாகும். ஊரில் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் எல்லாவற்றையும் ஓட்டிப் பழகிய கை, இங்கேயும் அதே போன்ற வயரைத்தான் தேடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதக் குளிரில், நண்பர் ஒருவர் வீட்டு டிரைவ்வேயில் எங்கள் வண்டியை நிறுத்தியிருந்தோம். மெல்லிய ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயரைக் கராஜிலிருந்து இழுத்து, 1,500 வாட் ஹீட்டரை இரவு முழுவதும் ஓட்டினோம். விடியற்காலையில் கராஜுக்குள் நுழைந்ததும் பிளாஸ்டிக் கருகும் வாடை மூக்கில் ஏறியது. பிரேக்கரை இறக்கிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். அது எளிதில் வரவில்லை. வெள்ளை நிறப் பிளக் பாயிண்டில் நியூட்ரல் துளையைச் சுற்றி, தோசைக்கல்லில் ஓரம் தீய்ந்தது போல, ஒரு பழுப்பு வளையம் படிந்திருந்தது. பிளக்கின் தகடு ஒன்று கறுத்து, அதன் அடியிலிருந்த பிளாஸ்டிக் இளகித் தகட்டோடு ஒட்டியிருந்தது. பிரேக்கர் மட்டும் இரவு முழுவதும் விழவே இல்லை.

அது விழாமல் இருந்ததில் பிழை ஒன்றும் இல்லை. பிரேக்கரின் வேலை சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பது. நாம் தரையில் இழுத்துவிட்ட வயரையும் தளர்ந்துபோன துளைகளையும் அது அறியாது. பழைய பிளக் பாயிண்டின் உள்ளே தகட்டைப் பற்றிக்கொள்ளும் வில் தளர்ந்து, அந்த இடத்தில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே, 12 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 15 வாட் சூடு அந்தச் சிறு புள்ளியில் இறங்கும். ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் அவ்வளவுதான் இருக்கும். அன்று முதல், மின்சாரம் கொடுத்த அரை மணி நேரத்தில் பிளக், அடாப்டர், இணைப்பு என ஒவ்வொன்றின் பிளாஸ்டிக் உறையையும் கையால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். வெதுவெதுப்பாக இருக்கலாம், கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் உடனே நிறுத்திவிடுவேன்.

வயரைப் பொறுத்தவரை, அமெரிக்கக் கேஜ் கணக்கில் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். ஐம்பது அடி நீளமுள்ள 16 கேஜ் வயரில் 12 ஆம்பியர் ஓடினால் ஐந்து வோல்ட் அளவுக்கு இழப்பும் அறுபது வாட்டுக்கு நெருங்கிய சூடும் உண்டாகும். 12 கேஜ் வயரில் இழப்பு இரண்டு வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். 12 அல்லது 10 கேஜ் வாங்குங்கள், எட்டும் அளவுக்கு மட்டும் நீளம் எடுங்கள், மிச்சத்தைச் சுருட்டி வைக்காமல் விரித்துப் போடுங்கள்.

அடுத்தது எர்த். வெளிப்புறத்திலும் கராஜிலும் உள்ள பிளக் பாயிண்டுகளுக்கு ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு இருக்கும், ஐந்து மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வண்டியை இணைத்ததும் அது விழுகிறதென்றால், எரிச்சலில் வேறு பிளக் பாயிண்டைத் தேடிப் போகாதீர்கள். வெந்நீர்ச் சுருளில் ஈரம் இறங்கியிருக்கலாம். அல்லது வண்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றோடொன்று இணைந்திருக்கலாம். அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பின் 551-ஆம் பிரிவு அவ்விரண்டையும் வண்டிக்குள் பிரித்தே வைக்கச் சொல்கிறது. எர்த் முள் உடைந்த வயரைப் பயன்படுத்தினால், சிறு கசிவுகூட வண்டியின் உலோக உடலுக்கு ஏறி அங்கேயே நிற்கும். நாமோ செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறுகிறவர்கள். கம்பியைத் தொடாமலே மின்னழுத்தத்தைக் காட்டும் பேனா வடிவ டெஸ்டர் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. வண்டியின் உடலருகே அதைக் கொண்டுபோய் ஒலி எழுகிறதா என்று பார்த்த பிறகே குழந்தைகளை ஏறவிடுங்கள்.

அடிக்கடி வண்டியை நிறுத்துகிறவர்கள் அதற்கென்றே 30 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. அதன் பெயர் டிடி-30. அது 120 வோல்ட். துணி உலர்த்திக்கான 30 ஆம்பியர் பாயிண்ட் 240 வோல்ட் என்பதால், பழக்கத்தில் அதே முறையில் இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அப்படி இணைத்த பாயிண்டில் வண்டியைச் செருகினால் உள்ளே மைக்ரோவேவும் சார்ஜரும் சில நொடிகளில் கருகிவிடும். என் நண்பரும் பின்னர் டிடி-30 பாயிண்ட் ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்த அன்று மாலை வண்டியின் வயரைத் தூரத்திலேயே வைத்துவிட்டு, மீட்டரின் இரு முனைகளையும் லைன், நியூட்ரல் துளைகளில் நுழைத்துப் பார்த்தோம். 121 வோல்ட் என்று காட்டியது. பிரேக்கரை இறக்கி, வண்டியைச் செருகி, மறுபடி ஏற்றினோம்.