சாக மறுக்கும் வெள்ளணுக்களும் தொலைந்துபோன இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்

[திரையில்: நுண்ணோக்கியின் கீழ் நெருங்கிக் கிடக்கும் வெள்ளணுக்கள்]

நாட்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோயில், பி வகை வெள்ளணுக்கள் பெருகுவதோடு, உரிய காலத்தில் சாகாமலும் தங்கிவிடுகின்றன. அவற்றைச் சாகவிடாமல் காக்கும் புரதங்களில் முதன்மையானது பி.சி.எல்.2. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற வேறொரு புற்றுநோயில், 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வதால் இப்புரதம் மிகுகிறது என்பது 1980களிலேயே தெரிந்திருந்தது. இந்த லுக்கேமியாவிலோ அத்தகைய இடமாற்றம் அரிது. அப்படியிருந்தும் புரதம் ஏன் மிகுந்திருக்கிறது?

[திரையில்: 13ஆம் குரோமோசோம்; நீண்ட கையில் ஒரு சிறு இடைவெளி]

நோயாளிகளில் பாதிப்பேருக்கும் மேல், 13ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு பகுதி இல்லாமல் போயிருக்கிறது. புற்றுநோயைத் தடுக்கும் மரபணு ஏதோ அங்கே இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் தேடினார்கள். புரதம் உண்டாக்கும் மரபணுக்களில் விடை அகப்படவில்லை. 2002இல் ஜார்ஜ் கேலின், கார்லோ குரோச்சே ஆகியோரின் குழு, மைக்ரோ ஆர்.என்.ஏ. 15ஏ, 16-1 என்னும் இரண்டும் அந்தப் பகுதியிலேயே இருப்பதைக் கண்டது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள், அதாவது ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள், கொண்ட சிறு இழை. அது புரதமாக மாறுவதில்லை; ஆர்கோனாட் என்னும் புரதத்தோடு சேர்ந்து, தனக்குப் பொருந்தும் எழுத்துவரிசை உள்ள தூது ஆர்.என்.ஏ.வின் (புரதம் செய்வதற்கான செய்தியை மரபணுவிலிருந்து சுமந்துவரும் இழையின்) வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது. பி.சி.எல்.2வின் தூது ஆர்.என்.ஏ.வில் அத்தகைய இடம் உண்டு என்றும், இவ்விரண்டும் அங்கே செயல்படுகின்றன என்றும் 2005இல் காட்டப்பட்டது. கடிவாளம் தொலைந்ததால் புரதம் மிகுந்தது என்பதே அதன் பொருள்; அதுவே ஒரே காரணம் என்று கொள்ளலாகாது.

[திரையில்: பி.சி.எல்.2வின் பள்ளத்தில் பொருந்தும் மருந்து மூலக்கூறு]

இனி மருந்துக்கு வருவோம். வழக்கமான கீமோதெரபி மருந்துகள் பெரும்பாலும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தி, பி53 என்னும் புரதத்தின் வழியாகவே செல்லைச் சாகத் தூண்டுகின்றன. ஆகவே 17ஆம் குரோமோசோமின் குறுங்கை அறுந்து பி53 மரபணுவை இழந்த நோயாளிகளிடம் அவை பெரிதும் தோற்றுப்போயின. வெனிட்டோகிளாக்ஸ் என்னும் மாத்திரையோ பி.சி.எல்.2விலேயே நேரடியாக ஒட்டி, அது பிடித்து வைத்திருந்த மரணத் தூண்டிப் புரதங்களை விடுவிக்கிறது. அமெரிக்காவில் 2016இல் முதலில் ஒப்புதல் கிடைத்ததும் இத்தகைய நோயாளிகளுக்காகவே. மைக்ரோ ஆர்.என்.ஏ. கண்டுபிடிப்பிலிருந்து இம்மருந்து பிறக்கவில்லை. ஆயினும் இந்தச் செல்கள் பி.சி.எல்.2வை ஏன் இவ்வளவு சார்ந்திருக்கின்றன என்பதற்கான விடையில், தொலைந்த அந்த இரண்டு இழைகளுக்கும் பங்குண்டு. செல்கள் ஒரேயடியாக மடிந்தால் அவற்றின் உட்பொருள்கள் ரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால், நாளொன்றுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து வாரங்களில் 400 மில்லிகிராமுக்கு மருந்தளவை உயர்த்துகிறார்கள்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கும் பி.சி.எல்.2வுக்கும் உள்ள இந்த உறவு ரத்தப் புற்றுநோயோடு நிற்கவில்லை. பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத இரைப்பைப் புற்றுநோய்ச் செல்களில் அதே குடும்பத்து மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களான 15பி, 16 ஆகியவை குறைந்திருப்பதையும், ஆய்வகத்தில் அவற்றைக் கூட்டியபோது அதே செல்கள் மீண்டும் மருந்துக்குப் பணிவதையும் 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வகத் தட்டில் நடந்ததை மனித உடலில் நடத்துவதுதான் கடினம்: 34ஏ என்ற மற்றொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கொழுப்புக் குமிழியில் அடைத்து நோயாளிகளுக்குச் செலுத்திய முதல் மருத்துவச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.