சுத்தமான ஆர்கான் போட்டும் அலுமினியத்துல ஓட்டை விழுறது ஏன்? – கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் கேட்டிருக்காரு: "இரும்புக்கு ஆர்கானும் சிஓடூவும் கலந்த சிலிண்டர் வச்சிருக்கேன். அதையே மாட்டி அலுமினியம் வெல்டிங் பண்ணலாமா? இன்னொண்ணு, டிக் மெஷின்ல சுத்தமான ஆர்கான் போட்டும் கருப்பு படியுது, ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுது. கேஸை நிமிஷத்துக்கு 25 லிட்டர் வரைக்கும் திறந்து பார்த்துட்டேன், இன்னும் மோசமாகுது. ஏன்?"

முதல் கேள்விக்கு ஒரே பதில்தான்: வேண்டாம். சிஓடூ, அதாவது கார்பன் டை ஆக்சைடு, ஆர்க் (வெல்டிங்ல வர்ற மின்பொறி) சூட்டுல உடையும், ஆக்சிஜன் வெளிய வரும். இரும்புல அது பெரிய தொந்தரவு கிடையாது, ஏன்னா ஒயர்ல இருக்குற சிலிக்கானும் மாங்கனீசும் அந்த ஆக்சிஜனைப் பிடிச்சுக்கும். அலுமினியம் அப்படி இல்லைங்க. ஆக்சிஜன் கொஞ்சம் பட்டாலே போதும், உடனே ஆக்சைடா மாறிடும். மிக்ல (ஒயரே உருகி இறங்குற வெல்டிங்) அடிச்சா கரி அப்பின மாதிரி வரும், டிக்ல (உருகாத டங்ஸ்டன் கம்பி முனையில இருந்து ஆர்க் வர்ற வெல்டிங்) அடிச்சா டங்ஸ்டன் முனையே எரிஞ்சு போயிடும். அதனால அலுமினியத்துக்கு 99.99 சதவீதத்துக்குக் குறையாத ஆர்கான்தான். ரொம்ப தடிமனான பீஸா இருந்தா ஆர்க்ல சூடு கூடணும்னு ஹீலியம் கலந்துக்குவாங்க, அவ்வளவுதான்.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். இதைக் கொஞ்சம் நிதானமா பேசணும். நாம எல்லாருமே டிக் வெல்டிங்கை "ஆர்கான் வெல்டிங்"னுதான் சொல்றோம். அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டு, எல்லா வேலையும் ஆர்கானே பார்த்துக்கும்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஓட்டை விழுந்தா முதல்ல கை போறது கேஸ் குமிழுக்குத்தான். ஆனா ஆர்கானோட வேலை காவல் காக்குறது. அது எதோடவும் சேராத வாயு. 1894-ல ராலேயும் ராம்சேயும் இதைக் கண்டுபிடிச்சப்போ, கிரேக்க மொழியில சோம்பேறின்னு அர்த்தம் வர்ற மாதிரிதான் பேரே வச்சாங்க. காத்தை விடக் கிட்டத்தட்ட 1.4 மடங்கு கனம். அதனால உருகின குழம்பு மேல போர்வை மாதிரி படிஞ்சு நிக்கும், வெளிக்காத்தை உள்ள விடாது. ஆனா ஏற்கெனவே பீஸ் மேல இருக்குற அழுக்கையோ எண்ணெயையோ ஈரத்தையோ அது தொடாது.

அலுமினியம் மேல எப்பவும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கும். அலுமினியம் 660 டிகிரியில உருகும், அந்தத் தோல் உருக 2000 டிகிரிக்கு மேல வேணும். உள்ள தண்ணியா ஆகியிருக்கும், மேல தோல் அப்படியே நிக்கும். அதை உடைக்கத்தான் திசை மாறி மாறிப் போற ஏசி கரண்ட் வைக்கிறோம். டங்ஸ்டன் பாசிட்டிவா இருக்குற அரை சுற்றுல ஆர்கான் அயனிகள் பீஸ் மேல போய் மோதி அந்தத் தோலை உடைக்கும். இந்த ஒரு இடத்துல ஆர்கானும் சுத்தம் பண்ற வேலையில கை கொடுக்குதுன்னு வச்சுக்கோங்க. ஆனா மெல்லிசான தோலைத்தான் இப்படி எடுக்க முடியும். மழையில கிடந்து வெள்ளை பூத்த பீஸை ஏசி காப்பாத்தும்னு நம்பாதீங்க.

இப்போ ஓட்டைக்கு வருவோம். அலுமினியத்துல அந்தப் பின்ஹோலை உண்டாக்குறது பெரும்பாலும் ஹைட்ரஜன். உருகின அலுமினியம் ஹைட்ரஜனை நிறைய உள்ள இழுத்துக்கும். உறையும்போது அதை வச்சுக்க முடியாது, அப்போ குமிழா வெளிய தள்ளும். வெளிய வர நேரம் பத்தலைன்னா அந்தக் குமிழ் அங்கேயே மாட்டிக்கும், அதுதான் ஓட்டை. அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருது? ஈரம், எண்ணெய், கிரீஸ், நம்ம கை வியர்வை. ஃபில்லர் ராடை (கூட சேர்த்து உருக்குற கம்பி) வெறுங்கையால பிடிக்கிறோம் பாருங்க, அதுகூடத்தான். பீஸை முதல்ல அசிட்டோன் போட்டுத் துடைங்க, அப்புறம் ஸ்டெயின்லெஸ் பிரஷ் போடுங்க. வரிசை மாறினா எண்ணெயைத் தேய்ச்சு உள்ள ஏத்துற மாதிரி ஆகும். அசிட்டோன் முழுசா காஞ்ச பிறகுதான் ஆர்க். அந்த பிரஷ் இரும்பைத் தொட்டிருக்கவே கூடாது.

அப்புறம் அந்த 25 லிட்டர். நீங்க போட்டிருக்கிறது 7-ம் நம்பர் கப்புன்னு (டார்ச் முனையில கேஸ் வெளிய வர்ற குழல்) வைங்க, வாய் 11 மில்லிமீட்டர்தான். அதுக்கு நிமிஷத்துக்கு 7-ல இருந்து 10 லிட்டர் தாராளம். 25 வச்சா கேஸ் அமைதியா இறங்காது, சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழல் பக்கத்துல இருக்குற காத்தையும் சேர்த்து இழுத்துட்டு வரும். போர்வையை இழுத்துப் போர்த்துறேன்னு நீங்களே அதைக் கிழிச்சுடுறீங்க. உங்களுக்கு இன்னும் மோசமானதுக்குக் காரணம் இதுதான்னு எனக்குத் தோணுது. கேஸ் லென்ஸ் (கேஸை வலை வழியா அனுப்புற துண்டு) போட்டா ஓட்டம் சீராகும், டங்ஸ்டனையும் கொஞ்சம் நீட்டிக்கலாம்.

குறை கேஸ்லயா பீஸ்லயான்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். நல்லா சுத்தம் பண்ணின ஒரு துண்டுல ராடு இல்லாம ஆர்க்கை மட்டும் வச்சு ஒரு பொட்டு உருக்குங்க. ஆர்க்கை நிறுத்தினதும் டார்ச்சை எடுத்துடாதீங்க, போஸ்ட் ஃப்ளோ (ஆர்க் நின்ன பிறகும் வர்ற கேஸ்) நிக்கிற வரைக்கும் அப்படியே பிடிங்க. பொட்டு கண்ணாடி மாதிரி மின்னி, அதைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம் தெரிஞ்சா கேஸ் சரியா வருது. டங்ஸ்டன் முனையையும் பாருங்க. வெள்ளி மாதிரி இருக்கணும். நீலமாவோ கருப்பாவோ இருந்தா போஸ்ட் ஃப்ளோ பத்தலை, இல்லைன்னா எங்கயோ காத்து புகுது. போஸ்ட் ஃப்ளோவை 10 ஆம்பியருக்கு 1 செகண்ட்னு வச்சுக்கோங்க, 120 ஆம்பியர்னா 12 செகண்ட்.

இந்தக் காத்து புகுற விஷயத்துல நான் ஒரு நாள் முழுக்க அல்லாடியிருக்கேன். சிலிண்டர் மாத்தினேன், கப் மாத்தினேன், மெஷின் மேல சந்தேகப்பட்டேன். கடைசியில பார்த்தா டார்ச் பின்னாடி இருக்குற பேக் கேப்ல (பின் மூடி) ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், வெடிச்சிருக்கு. தலைமுடி அளவுதான் கீறல்! அதனால சோப்புத் தண்ணி தொட்டு ரெகுலேட்டர், ஹோஸ் ஜாயின்ட் எல்லாத்தையும் பாருங்க, ஓ-ரிங்கைக் கழட்டி வெளிச்சத்துல வளைச்சுப் பாருங்க.

நீங்க கேட்காத ஒண்ணையும் சொல்லியாகணும். டேங்க் உள்ள, குழி உள்ள இறங்கி வெல்டிங் பண்றவங்க இருக்கீங்க. ஆர்கானுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கனமா இருக்குறதால அடியில தேங்கும். ஆக்சிஜன் குறையுறது உடம்புக்குத் தெரியாது, மூச்சு முட்டாது, அப்படியே மயக்கம் வரும். காத்தை உள்ள தள்ளுற ப்ளோயரும், ஆக்சிஜன் மீட்டரும், வெளிய ஒரு ஆளும் இல்லாம இறங்காதீங்க. சாப்பிடப் போகும்போது டார்ச்சை உள்ள விட்டுட்டு வராதீங்க, சிலிண்டர் வால்வையும் மூடுங்க. உள்ள இருக்குறவர் விழுந்துட்டா வெளிய இருக்குறவர் பதறி உள்ள குதிக்கக் கூடாது. முதல்ல ப்ளோயரை ஓடவிட்டு, உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு, கயித்தால வெளிய இழுங்க.