புரண்டு படுத்தாலே உயிர் போகிறது: எட்டாம் மாத இடுப்பெலும்பு வலி

வணக்கம் மக்களே. செந்தூல் வீட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் ஃபேன் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் வெயிலில் எட்டு மாத வயிற்றோடு அதை நிறுத்த முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்கம் கை வைத்தால் ஒரு எலும்பு தட்டுப்படும் இல்லையா? வலி அங்கேதான். அங்கிருந்து உள்தொடைக்கு இறங்கும், சில நாள் பின் இடுப்பைப் பிடிக்கும். நடந்தால் வலி, புரண்டு படுத்தால் வலி, பேண்ட் போட ஒரு காலைத் தூக்கினால் கண்ணில் தண்ணீரே வந்துவிடும். 'பெல்விக் கேர்டில் பெயின்' என்பார்கள், சுருக்கமாகப் பி.ஜி.பி. கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது.

முன்னால் இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் சாதாரணமாகவே 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கர்ப்பத்தில் அது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விரியும். பின்னால் இரண்டு மூட்டுகள். இந்த மூன்றும் ஒரே சீராக அசையாதபோது வலி பிடித்துக்கொள்கிறது. குழந்தைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்கு உள்ளே உதைத்துக்கொண்டிருக்கிறது, அவஸ்தை நமக்குத்தான்.

முதலில் ஒரு தனியார் கிளினிக்கில் சொன்னேன். "பிள்ளை வயிற்றில் இருந்தால் வலிக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுப் பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். அப்புறம் கிளினிக் கேசிஹாத்தானில், அதாவது அரசாங்க கிளினிக்கில், வழக்கமான செக்கப்புக்குப் போனபோது மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்), "இடுப்பு வலி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எந்த இடம், எப்போது, எதைச் செய்ய முடியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டாக்டர் பார்த்து ஃபிசியோவுக்கு (பிசியோதெரபிஸ்டுக்கு) லெட்டர் கொடுத்தார். நீங்களும் அப்படியே சொல்லுங்கள், லெட்டரை வாயைத் திறந்து கேளுங்கள்.

ஃபிசியோ முதலில் என்னைக் கட்டிலில் படுத்து எழச் சொல்லிப் பார்த்தார். நான் வழக்கம்போல ஒரு காலை முதலில் வீசினேன், "அதுதான் பிரச்சினை" என்றார். இப்போது எப்படிச் செய்கிறேன் என்றால், முழங்கால் இரண்டையும் மடக்கி, நடுவில் தலையணையை இறுக்கிக்கொள்வேன். தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்ப வேண்டும். பக்கவாட்டில் வந்ததும் இரண்டு கால்களையும் ஒன்றாகக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழுவேன். மெதுவாகத்தான் வரும். ஆனால் அந்த 'சுரீர்' இல்லை.

காரிலும் அதே சங்கதிதான். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, முதலில் பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்தபடியே உள்ளே திரும்புவேன். உட்கார்ந்ததும் பையை உருவிவிடுங்கள், வழுக்கும். பேண்ட், செருப்பு எல்லாம் உட்கார்ந்துதான். படி ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஒவ்வொரு படியாக. கோவிலில் சம்மணம் வேண்டாம், கூச்சப்படாமல் நாற்காலி கேளுங்கள். குந்தி உட்காரும் டாய்லெட்டையும் முடிந்தவரை தவிருங்கள்.

மாமியாருக்கு பத்துமலையில் ஒரு வேண்டுதல். 272 படி! கீழே அந்த 140 அடி முருகனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், மாமியார்தான் கொஞ்சம்.

உடம்பு பிடித்துவிடும் மலாய் அம்மாவை, உருட் மக்சிக்கைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. வயிற்றையும் இடுப்பையும் அழுத்தி நீவ நான் சம்மதிக்கவில்லை. பெங்குங் என்ற வயிற்றுக் கட்டுத் துணி பிரசவத்துக்குப் பிறகு கட்டுவது. இப்போது நான் போட்டிருப்பது ஃபிசியோ அளந்து கொடுத்த சப்போர்ட் பெல்ட், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென் வகையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. ரத்தம் படுவது, நீர்க்கடுப்போடு காய்ச்சல், விட்டு விட்டு ஒழுங்காக வரும் வலி, குழந்தையின் அசைவு குறைவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, இதெல்லாம் பி.ஜி.பி. என்று வீட்டில் படுத்திருக்கும் விஷயம் இல்லை. உடனே ஆஸ்பத்திரி.

பிரசவம்? இந்த வலி இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு சுகப்பிரசவம் ஆகிறது. பக்கவாட்டில் படுத்தோ, முட்டி போட்டோ பெறலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே செய்துவையுங்கள். படுத்துக்கொண்டு, வலிக்காமல் முழங்கால்கள் எவ்வளவு அகலும் என்று அளந்துகொள்ளுங்கள். எபிடியூரல், அதாவது முதுகில் போடும் வலி மரப்பு ஊசி, போட்டால் வலி தெரியாது, அளவுக்கு மீறி காலை விரித்துவிடுவார்கள். என் கணவர் தையல் டேப்பை வைத்து அளந்தார், சிரிப்பு தாங்கவில்லை. அந்த அளவை ஒரு தாளில் எழுதி பிங்க் புக்கில், அதாவது கர்ப்பகால செக்கப் புத்தகத்தில், செருகிவைத்திருக்கிறேன். லேபர் ரூமில் அவர்தான் அதை மிஸ்ஸியிடம் காட்ட வேண்டும்.