இடம் மாறும் கோட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற கோடை விடுமுறையில் மயிலாப்பூரில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, அவருடைய 12 வயது மகன் ஒரு நோட்டில் கோட்டை ஒன்றின் வரைபடத்தை மிகுந்த சிரத்தையோடு வரைந்துகொண்டிருந்தான். மறுநாள் காலையில் அவன் முகம் வாடியிருந்தது. “மாமா, நேத்து இங்கதான் ஏணி இருந்துச்சு, இன்னைக்கு வெறும் சுவர்தான் இருக்கு” என்றான்.

அவன் ஆடிய கணினி விளையாட்டின் பெயர் ‘ரோக் லெகசி’. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த செல்லார் டோர் கேம்ஸ் என்னும் சிறிய நிறுவனம் 2013இல் வெளியிட்டது. குதித்தும் தாவியும் வாள் வீசியும் கோட்டைக்குள் முன்னேறும் வீரன் இறந்துபோனால், அவனுடைய வாரிசுகள் மூவரில் ஒருவரை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வாரிசு உள்ளே நுழையும்போது கோட்டையின் அறைகள் இடம் மாறியிருக்கும்.

ஆனால் அந்த மாற்றத்திற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வோர் அறையையும் வடிவமைப்பாளர்கள் தம் கையாலேயே அமைத்திருக்கிறார்கள். கணினி அவற்றைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போடுகிறது. சீட்டுகள் பழையவை, விழும் வரிசை மட்டுமே புதியது. திசைகளும் மாறுவதில்லை. கோட்டைக்கு வலப்புறம் காடு, மேலே கோபுரம், கீழே இருள் சூழ்ந்த நிலவறைகள் என்பது எத்தனை தலைமுறை கடந்தாலும் அப்படியே இருக்கிறது. இந்தச் சிறிய உறுதி இல்லையென்றால் குழந்தைகள் அரை மணி நேரத்தில் சலித்துப்போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

என்னை மிகவும் கவர்ந்தவர் கோட்டை வாயிலருகே நிற்கும் கட்டடக் கலைஞர். அவரிடம் கேட்டால், முந்தைய வாரிசு கண்ட கோட்டையை அப்படியே நிறுத்தித் தருவார். அதற்கு விலையாக, அந்த முறை நாம் ஈட்டும் பொன்னில் 40 விழுக்காடு குறைந்துவிடும். தெரிந்த வழிக்கு இவ்வளவு கொடுக்கலாமா என்று நானும் மருமகனும் பலமுறை வாதிட்டிருக்கிறோம். பெரிய அரக்கன் இருக்கும் அறைக்கு வழி தெரிந்துவிட்டால் கொடுக்கலாம் என்பது அவன் கட்சி. பொன் இல்லாமல் குடும்ப மாளிகையை விரிவாக்க முடியாது, மாளிகை வளராமல் அடுத்த வாரிசுக்கு வலிமை கூடாது என்பது என் கட்சி. கையில் மிஞ்சிய பொன்னையும் வாயிற்காவலன் சாரன் வாங்கிக்கொள்வதால், சேர்த்து வைப்பதற்கும் வழியில்லை.

வாரிசுகளின் இயல்புகளில்தான் விளையாட்டின் சிரிப்பு பிறக்கிறது. தலைசுற்றல் உள்ள வாரிசுக்குத் திரை முழுவதும் தலைகீழாகத் தெரியும். கோழியைக் கண்டு அஞ்சும் வாரிசு, மற்றவர்களுக்கு உணவாகும் கோழியோடு சண்டையிட வேண்டியிருக்கும். குறைகளை வேடிக்கையாக்கலாமா என்ற தயக்கம் தொடக்கத்தில் எனக்கு இருந்தது. காலில் நாடித்துடிப்பு இல்லாத வாரிசு நடந்தபோது முள் பொறிகள் எழும்பாமல் கிடந்ததையும், குள்ளமான வாரிசு மற்றவர் எவரும் நுழைய இயலாத சந்துக்குள் புகுந்து பெட்டியைத் திறந்ததையும் கண்டபின் அந்தத் தயக்கம் நீங்கியது. எவரையும் பயனற்றவர் என்று இந்தக் கோட்டை ஒதுக்குவதில்லை. அவரவர் உடலுக்கு ஏற்ப அறைகளை வேறு கண்ணால் பார்க்கச் சொல்கிறது. அதன் நகைச்சுவையை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான்.

விடுமுறை முடிந்து நான் கிளம்பிய நாளில் மருமகன் தன் நோட்டைக் காட்டினான். பழைய வரைபடத்தை அவன் கிழித்துவிட்டிருந்தான். இப்போது பக்கத்துக்கு ஓர் அறையாக வரைந்து, முள் எங்கே, படி எங்கே, எந்த நொடியில் தாவ வேண்டும் என்றெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தான். அறைகளுக்கு இடையே கோடு எதையும் அவன் போடவில்லை.