60 பாகையா, 120 பாகையா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், மார்கழிப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கும்பகோணத்து மக்களுக்கும் வணக்கம். 'பள்ளிப் பிள்ளைகளுக்கு கோடிங் தேவையா, சுமையா?' என்பது தலைப்பு. கோடிங் என்றால் கணினிக்குக் கட்டளை எழுதுவது, அதாவது நிரல் எழுதுவது. அது தேவை என்று பேச வந்திருக்கிறேன். நான் ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "பதினாறாம் வாய்ப்பாடே சொல்லத் தெரியாத பிள்ளைக்கு கோடிங் எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அண்ணே, என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஸ்க்ராட்ச் என்று ஒரு மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டார்கள். இலவசம். கட்டளைகளைக் கட்டை அடுக்குவது போல அடுக்கினால், திரையில் இருக்கும் பூனை அதன்படி நடந்து கோடு போடும். சமபக்க முக்கோணம் போடச் சொன்னேன். கோணம் 60 பாகை என்று புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு பெண் '100 அடி நட, 60 பாகை திரும்பு' என்று மூன்று முறை அடுக்கினாள். முக்கோணம் வரவில்லை. வாய் மூடாத பாதி அறுகோணம்தான் வந்தது.

"60 தானே டீச்சர்?" என்றாள். நான் விடை சொல்லவில்லை. வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் மண்ணில் ஒரு முக்கோணம் கீறி, "நீதான் பூனை, நட" என்றேன். மூலைக்கு வந்ததும் நின்றாள். வந்த திசையிலேயே ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டு, உடம்பை அடுத்த பக்கத்துக்குத் திருப்பினாள். "ரொம்பத் திரும்ப வேண்டியிருக்கே டீச்சர்!" உள்ளே இருப்பது 60. திரும்ப வேண்டியது வெளிக்கோணம். 180-இல் 60 போனால் 120. உள்ளே ஓடி எண்ணை மாற்றினாள். கோடு புறப்பட்ட இடத்திலேயே வந்து ஒட்டியது. வெளிக்கோணத்தை நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள்தான். அவள் அன்றைக்கு அதைக் காலால் கற்றுக்கொண்டாள். கோடிங் வந்தால் கணக்கு போய்விடும் என்று எப்படிச் சொல்வது?

இது நான் கண்டுபிடித்த வழியும் இல்லை. எம்.ஐ.டி. பேராசிரியர் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் 1967-லேயே பிள்ளைகளுக்காக லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள். பின்னால் அதில், நம் பூனையைப் போலவே கட்டளைப்படி நடந்து கோடு போடும் ஓர் ஆமை வந்தது. ஆமை எப்படித் திரும்பும் என்று புரியாவிட்டால் நீயே ஆமையாகி நடந்து பார் என்பதுதான் அவர் காட்டிய வழி.

அப்புறம், தப்பு. பரீட்சைத் தாளில் தப்பு என்றால் சிவப்பு மையில் ஒரு சுழி, அத்தோடு கதை முடிந்தது. இங்கே தப்பு கண் முன்னால் நிற்கிறது, திருத்தலாம், மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம். அடி வாங்கி அடங்கிப்போன பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வகுப்பில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

நமக்கு அந்நியமான படிப்பு என்றும் சொன்னார்கள். இந்த மாதம் நம் வாசல்களைப் பாருங்கள். புள்ளி வைத்து, ஒரே சுழிப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டு, பெரிய சிக்குக் கோலத்தை முடிக்கிறார்கள் நம் பெண்கள். அந்தக் கோலத்துக்குள் இருக்கும் விதிகளை 1970-களிலேயே கணினியியல் ஆய்வாக எழுதினார்கள் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் சேர்ந்தவர்களும். 'எழில்' என்று தமிழிலேயே ஒரு நிரல் மொழியும் இருக்கிறது. அதில் திரையில் எழுதச் சொல்லும் கட்டளை 'பதிப்பி'.

கண் கெட்டுவிடும் என்கிறார்கள். சரி, வாரத்துக்கு இரண்டு பீரியட் போதும். பாதி நேரம் நாங்கள் மரத்தடியில்தான் இருக்கிறோம்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனி பிள்ளை எதற்குக் கற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அது 60 என்று எழுதித் தந்தால் தப்பு என்று யார் சொல்வது? மண்ணில் நடந்து திரும்பிப் பார்த்தவள் சொல்வாள். மற்றவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள்.

நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் என்ற நிரல் மொழி இருக்கிறது. ஆனால் அந்தப் பாடப்பிரிவை எடுத்த பிள்ளைக்கு மட்டும். மேட்டூரைத் திறந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு என்று பிரித்துவிட்டாலும், கடைமடை வயல் நனையாமல் தண்ணீர் வந்துவிட்டது என்று நம் ஊரில் யாராவது ஒத்துக்கொள்வோமா? பணம் கட்டும் பிள்ளை ஐந்தாம் வகுப்பிலேயே தனி வகுப்புக்குப் போகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் கணினி அறை பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துணி போர்த்திய கணினிகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

நடுவர் ஐயா, தேவை என்று தீர்ப்புச் சொல்லுங்கள். திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கு ஏழாம் வகுப்பு. ஐந்து முனை நட்சத்திரத்துக்கு எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டு வைத்திருக்கிறாள்.