பள்ளத்தூர் பாப்பா: மனோரமாவின் குரல் வந்த வழி

(திரை கறுப்பாக இருக்கிறது. குரல் மட்டும்.)

வணக்கம். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, மனோரமா நடித்த ஏதாவது ஒரு காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். முதலில் வருவது முகமா, குரலா? எனக்கு எப்போதும் குரல்தான். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

(மன்னார்குடி, பள்ளத்தூர் தெருக்களின் காட்சி.)

1937-இல் மன்னார்குடியில் பிறந்தவர். இயற்பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்டுவிட, அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்குப் போய், வீட்டு வேலை செய்து வளர்த்தார். பள்ளிக்கூடம் பாதியிலேயே நின்றது. 12 வயதில் நாடக மேடை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பள்ளத்தூர் பாப்பா'. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் கொடுத்ததுதான்.

அந்தக் கால நாடகத்தில் ஒரு நடிகை என்னென்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பாட வேண்டும், ஆட வேண்டும், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் கேட்க வேண்டும். எதிரில் நடிப்பவர் வசனத்தை மறந்துவிட்டால் சமாளிக்க வேண்டும். 'கட்' சொல்லி நிறுத்த அங்கே யாரும் கிடையாது. சிரிப்பு வரவில்லை என்றால் அந்த விநாடியே தெரிந்துவிடும். எந்தச் சொல்லை இழுத்தால் கூட்டம் சிரிக்கும், எங்கே மூச்சை நிறுத்தினால் காத்திருக்கும் என்பதை மனோரமா கற்றது இப்படித்தான். பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழு. அண்ணா, கலைஞர் ஆகியோரோடும் மேடையில் நடித்திருக்கிறார். எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி. ராமாராவ் ஆகியோரோடு திரையில். முதலமைச்சர்களான ஐந்து பேருடன் நடித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வது இதனால்தான்.

(கறுப்பு வெள்ளை ஸ்டில்கள்.)

சினிமாவுக்கு அழைத்து வந்தவர் கண்ணதாசன். 1958-இல் வெளிவந்த 'மாலையிட்ட மங்கை'. கொடுத்தது நகைச்சுவை வேடம். கதாநாயகியாக நடித்தால் சில வருடங்களில் ஓரங்கட்டிவிடுவார்கள், நகைச்சுவை என்றால் நெடுநாள் நிற்கலாம் என்று கவிஞர் சொன்னதை மனோரமாவே பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1963-இல் 'கொஞ்சும் குமரி' படத்தில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் அவர் பாதை அதுவாக இல்லை.

சரி, மனோரமா ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர். ஒருவரால் இது எப்படி முடியும்? அன்றைக்குப் பல படங்களில் காமெடி டிராக்கைத் தனியாக எழுதி, சில நாட்களிலேயே எடுத்து முடித்துவிடுவார்கள். காலையில் ஒரு ஸ்டூடியோ, மதியம் இன்னொன்று என்று ஓட வேண்டியிருக்கும். ஒத்திகைக்கு நேரம் குறைவு. எதிரில் நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகம். யாருக்கும் ஈடுகொடுக்க மேடைப் பழக்கம்தான் கைகொடுத்தது.

இதைவிட முக்கியமானது அவருடைய காது. செட்டிநாட்டில் வளர்ந்தவர், 1968-இல் 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷையில் 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' என்று சொந்தக் குரலில் பாடினார். பாஷையைக் கிண்டல் செய்கிற பாட்டாகவே எனக்கு அது தோன்றியதில்லை. அந்தத் தெருவிலேயே பிறந்த பெண்ணின் உரிமை அதில் கேட்கிறது. 1986-இல் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தின் வேலைக்காரி கண்ணம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர் கிஷ்முவோடு வாய்ச்சண்டை போடும்போது 'கம்முனு கெட' என்பார். வெறும் இரண்டு சொல். ஒவ்வொரு முறையும் சுருதி வேறு.

(இங்கே இசை இல்லை. ஸ்டில் மட்டும்.)

இப்போது 'தில்லானா மோகனாம்பாள்', 1968. கொத்தமங்கலம் சுப்புவின் கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கம். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று மலை மலையாக நடிகர்கள். அதற்கு நடுவில் ஜில் ஜில் ரமாமணி. நாடகக் கொட்டகையில் ஆடிப் பிழைக்கும் பெண். சிவாஜி நடித்த மாபெரும் நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்திடம் போய், இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்பார். நாம் சிரிக்கிறோம். ஆனால் மனோரமாவின் முகத்தைப் பாருங்கள், கொஞ்சம்கூடச் சிரிப்பு இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறாள் அந்தப் பெண். சங்கீதம் படிக்காத ஒருத்தி சங்கீதத்தைப் பார்த்துப் பிரமித்துப்போகும் தருணம் அது. ரமாமணியை முட்டாளாகக் காட்டியிருந்தால் இத்தனை வருடம் அந்தக் காட்சி நின்றிருக்காது. கொட்டகைப் பெண்களின் வாழ்க்கை மனோரமாவுக்குப் பக்கத்து வீட்டுக் கதை இல்லை, சொந்தக் கதை. அவர்களைச் சிறுமைப்படுத்த அவருக்கு மனம் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

அப்புறம் அம்மா வேடங்கள். 'சின்ன கவுண்டர்', 'சின்னத்தம்பி' எல்லாம் உங்களுக்கே தெரியும். விருதுகளையும் சட்டென்று சொல்லிவிடுகிறேன்: 'புதிய பாதை' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார்.

(வண்ணக் காட்சிகள் தொடங்குகின்றன.)

கடைசியாக ஒரு படம் மட்டும். 1990-இல் வந்த 'நடிகன்'. மனோரமாவுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணமே ஆகாமல் வயதாகிவிட்ட பேபியம்மா, கிழவர் வேடத்தில் வரும் சத்யராஜிடம் மனதைப் பறிகொடுக்கிறார். அந்த வயதில் வரும் காதலை நம் சினிமா பெரும்பாலும் கேலிக்குத்தான் வைத்திருக்கிறது. இதிலும் கேலி உண்டு. ஆனால் பேபியம்மா வெட்கப்படும்போது மனோரமா குரலைத் தாழ்த்தி, சொற்களுக்கு நடுவில் லேசாகத் திணறுவார். பதினாறு வயதில் சொல்ல வேண்டியதை இப்போது சொல்ல வந்தவளின் திணறல் அது. அந்த இடத்தை மட்டும் ஹெட்ஃபோன் போட்டு ஒருமுறை கேளுங்கள்.